ஒரு கை குறைகிறது

சீட்டாடுகிறவர்களின் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு: "ஒரு கை குறையுது, வர்றீங்களா?" இந்த அழைப்பை விடுப்பவருக்கு எதிராளியின் ஊர், சாதி, சம்பளம் எதுவும் வேண்டாம். ஆட்டம் தெரிந்த ஒரு ஆள் போதும். ஊரை விட்டுக் கடல் கடந்து போனவர்கள் அந்த ஒரு கையை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இன்றைய கட்டுரை. விருப்பமுள்ளவர்கள் தொடரலாம்.

முதலில் ஒரு தகராறைத் தீர்த்துவிடுகிறேன். சீட்டு என்றதுமே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். பணம் வைத்து ஆடிக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கைப்பேசியில் ரம்மி வந்த பிறகு உயிரையே விட்டவர்களின் செய்திகளைப் படித்தோம். 2022இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடை செய்தது. நான் பேசப்போவது அந்த ஆட்டங்களைப் பற்றி அல்ல. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி சேர்ந்து, புள்ளிக்காக மட்டும் சண்டை போடும் ஆட்டங்களைப் பற்றி. அவற்றில் தோற்றால் போவது மானம் மட்டும்தான். அதுவும் அடுத்த ஆட்டத்தில் திரும்பி வந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் சீட்டுக்கட்டில் இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர். வெள்ளைக்காரனிடமிருந்து வந்தவை என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்டால் பதில் இருக்காது. கிளாவர் என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கிளப், அதாவது குண்டாந்தடி. ஆனால் படத்தில் இருப்பது தடியல்ல, மூன்று இதழ் உள்ள இலை. பிரெஞ்சில் அந்த இலையின் பெயரையே வைத்து 'த்ரெஃப்ல்' என்பார்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் சின்ன வயதிலேயே இது உறைத்தது. அதே இலைக்கு டச்சு மொழியில் பெயர் 'கிளாவர்'. ஆர்ட்டினும் அப்படித்தான். ஆங்கிலத்து 'ஹார்ட்' எப்படி 'இன்' என்று முடியும்? டச்சில் அது 'ஹார்ட்டன்'. கேரளத்திலும் கிளாவர்தான். சிங்களத்தில் கிளாவரைக் 'கலாபர' என்றும், இஸ்பேட்டை 'இஸ்கோப்ப' என்றும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் வாயில் இவை கலாவரை, இஸ்கோப்பன். டச்சில் இஸ்பேட்டுக்குப் பெயர் 'ஸ்கோப்பன்'. மண்வெட்டி போன்ற பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் 'துருப்பு' கூட ஆங்கில 'டிரம்ப்'பைவிட டச்சு 'ட்ரூஃப்'புக்குத்தான் நெருக்கமாக ஒலிக்கிறது.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். பழவேற்காட்டில் அதற்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் புதுச்சேரியையே 1693 முதல் 1699 வரை வைத்திருந்தார்கள். தாம்பரத்திலிருந்து கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுடைய கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டைகளில் மாலை வேளைகளில் சிப்பாய்களுக்கும் கணக்கர்களுக்கும் என்ன வேலை இருந்திருக்கும்? ஊரை விட்டு ஏழு எட்டு மாதக் கப்பல் தூரத்தில் இருப்பவனுக்குச் சீட்டுக்கட்டு ஒன்று, மூன்று ஆள். நாலாவது ஆளுக்கு உள்ளூர்க்காரனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் பெயர்கள் சும்மா வந்து ஒட்டிக்கொள்வதில்லை. கூட உட்கார்ந்து ஆடியவன் வாயிலிருந்துதான் வரும்.

பெயர் மட்டும் அல்ல, ஒரு ஆட்டமே வந்தது என்று சீட்டாட்ட வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். அதை விளக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தமிழர்களின் தலையாய சீட்டாட்டம் முன்னூற்று நாலு. ஒவ்வொரு இனத்திலும் ஏழு முதல் ஆஸ் வரை எட்டுச் சீட்டு, ஆக 32. இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு மதிப்பில்லை. ஜாக்கிதான் பெரிய ஆள், அவனுக்கு 30 புள்ளி. அடுத்து ஒன்பது, அதற்கு 20. ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டும் ஏழும் பூஜ்யம். கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே அதன் கூட்டுத்தொகை. ஏலம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன என்று வெளியே வரும்வரை மற்ற மூவரும் தவிப்பார்கள்.

கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் ஆடுகிற இருபத்தெட்டு இதன் தம்பி. ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1, மற்றவை ஒன்றுமில்லை. முன்னூற்று நாலின் மதிப்புகளைப் பத்தால் வகுத்து, மிச்சத்தை உதறிவிட்டால் இருபத்தெட்டு வந்துவிடும். போட்டுப் பாருங்கள்.

ராஜாவைத் தள்ளிவிட்டு ஜாக்கியையும் ஒன்பதையும் சிம்மாசனத்தில் ஏற்றும் இந்த விசித்திரம் ஐரோப்பாவில் ஒரு குடும்பத்துக்கே உரியது. சுவிட்சர்லாந்தில் அதற்கு 'யாஸ்' என்று பெயர். 1796லேயே அங்கே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. டச்சுக்காரர்களிடம் 'கிளாவர்யாஸ்'. பிரெஞ்சுக்காரர்களிடம் 'பெலோத்'. இவற்றில் துருப்பு ஜாக்கிக்கு 20, துருப்பு ஒன்பதுக்கு 14. ஐரோப்பாவில் துருப்பில் மட்டும்தான் ஜாக்கிக்கு இந்த மரியாதை. நம்மவர்கள் எல்லா இனத்து ஜாக்கிக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆஸுக்கு 11, பத்துக்கு 10 என்பது மட்டும் இரண்டு பக்கமும் மாறவே இல்லை.

பெலோத் எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. புதுச்சேரியில் எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் மூன்று நாலு பேர் இருந்தார்கள். இந்தோசீனாவில் இருந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அப்போது ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். தெருவே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. ஆனால் சாயங்காலம் திண்ணையில் பெலோத் மட்டும் நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்கப் போகிறவரும், இந்தியராகிவிட்டவரும் எதிரெதிரே ஜோடி சேர்ந்து உட்கார்ந்தார்கள். லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்து திட்டுவது தமிழில். புள்ளி எண்ணுவது மட்டும் "வேன், கத்தோர்ஸ், ஓன்ஸ், தீஸ்" என்று சுத்தமான பிரெஞ்சில். துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால் ஒன்றைப் போடும்போது "பெலோத்", அடுத்ததைப் போடும்போது "ரெபெலோத்" என்று அறிவிக்க வேண்டும், 20 புள்ளி. அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும்.

அவர்களில் ஒருவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. சைகோனை ஒட்டிய சோலோனில், சீனர்கள் நிறைந்த பகுதியில் வாங்கியது. திறந்தால் வழவழப்பான சின்னச் சின்னக் கட்டைகள். மூங்கில், வட்டம், சீன எழுத்து, காற்று, டிராகன் என்று படங்கள். மாஜாங் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆட்டத்துக்கும் நாலு பேர் வேண்டும். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு திசைக் காற்றுகளின் பெயரில் இருக்கைகள். சோலோனில் சீனக் கடைக்காரர்களோடு இரவு முழுக்க ஆடியிருக்கிறாராம். புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு அந்தத் திசைகளில் உட்கார ஒருவரும் கிடைக்கவில்லை. எங்களைப் போன்ற பையன்களுக்குக் கோட்டை கட்ட அந்தக் கட்டைகளைக் கொடுப்பார். நாங்கள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டில் ஆள் கிடைத்து, சொந்த ஊரில் கிடைக்காமல் போனவர் அவர்.

இதற்கு நேர் எதிரான கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது.

1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911இல் அந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து போனார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் சென்னை மாகாணத்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். எடுத்துப்போன மூட்டையில் என்ன இருந்தது என்று பட்டியல் போட முடியாது. ஆனால் டர்பன் இந்தியர்கள் இன்றும் வெறியோடு ஆடும் சீட்டாட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் 'தண்ணி'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'துனீ' என்று வாசிக்கத் தோன்றும். நம் தமிழ்த் தண்ணீர்தான் அது என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள்.

தண்ணி ஆட்டத்தின் மதிப்புகளைப் பாருங்கள். ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. அப்படியே முன்னூற்று நாலு! ஆனால் அவர்கள் ஏழையும் எட்டையும் எடுத்துவிட்டு 24 சீட்டில், கைக்கு ஆறாக ஆடுகிறார்கள். எடுத்த எட்டுச் சீட்டும் பூஜ்யம் என்பதால் மொத்தம் குறையவில்லை. 304 அப்படியே நிற்கிறது. ஆறு பிடியையும் நான் ஒருவனே எடுப்பேன் என்று சவால் விடுவதுதான் 'தண்ணி' சொல்வது. ராஜாவும் ராணியும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் அதற்குத் தனிப் புள்ளி. அதை அவர்கள் அழைப்பது 'ஜோடி' என்று! எங்கள் தெருச் சொல்தாவின் பெலோத்-ரெபெலோத்தும் டர்பனின் ஜோடியும் ஒரே விதி. புதுச்சேரித் திண்ணைக்கும் டர்பன் கொல்லைப்புறத்துக்கும் இடையே எத்தனை கடல்!

டர்பனில் இன்று பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் கோயிலிலும் பெயரிலும் பாட்டிலும் மிச்சமிருக்கிறது. ஆனால் முப்பது, இருபது, பதினொன்று, பத்து, மூன்று, இரண்டு என்ற அந்த வரிசை தவறவில்லை. மொழியை வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடமும் புத்தகமும் வாத்தியாரும் வேண்டும். ஆட்டத்தை வைத்துக்கொள்ள இன்னும் மூன்று பேர் போதும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்த அந்த மூன்று பேரை ஒவ்வொரு தலைமுறையும் தேடிப் பிடித்திருக்கிறது.

இலங்கைத் தமிழர்கள் விஷயத்தில் இது நம் கண் முன்னாலேயே நடந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு அவர்கள் லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று சிதறினார்கள். முன்னூற்று நாலும் கூடவே போனது. பிறகு பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒன்றுகூடலில் அதைப் போட்டியாகவே வைத்தன. பாரிஸை அடுத்த சார்செல்லில் இருக்கும் என் அத்தை மகன் சொன்ன ஒரு செய்தி எனக்கு மறக்காது. அவனோடு வேலை பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பிரெஞ்சு அவ்வளவாக வராது. மதிய இடைவேளையில் பிரெஞ்சுக்காரர்கள் பெலோத் ஆடுவதைத் தள்ளி நின்று பார்ப்பாராம். ஒருநாள் ஒரு கை குறைந்திருக்கிறது. இவர் வந்து உட்கார்ந்து, ஒரே மதியத்தில் ஆட்டத்தைப் பிடித்துவிட்டார். ஜாக்கி பெரியது, அடுத்தது ஒன்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்களாம். டச்சுக் கப்பல் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் இறக்கியதை அவர் முன்னூறு ஆண்டு கழித்து ஐரோப்பாவிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை நிமித்தம் நான் புதுச்சேரியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தபோது எனக்கும் இது வெளியூர்தான். பெலோத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. கை கிடைத்தது மின்சார ரயிலில். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள். காலை வண்டியில் குறிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட இருக்கை, எதிரெதிரே நாலு பேர், முழங்கால்களின் மேல் விரித்த துண்டு அல்லது கிடத்திய பிரீப்கேஸ். தாம்பரத்தில் சீட்டுப் போட்டால் பூங்கா நிலையத்துக்குள் இரண்டு ஆட்டம் முடியும். குரோம்பேட்டையில் ஏறுபவருக்கு இடம் போட்டு வைத்திருப்போம். நாகர்கோவில்காரர் ஒருவர் இருபத்தெட்டு சொல்லிக் கொடுத்தார். ஜாக்கி, ஒன்பது என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. எந்த இலாகா, என்ன பதவி என்று தெரியாமலேயே சில வருடம் ஜோடியாக ஆடியவர்களும் உண்டு. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாவது நாள் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். 2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் வண்டி நின்றது. அகலப் பாதை வண்டியிலும் இருக்கைகள் எதிரெதிரேதான். ஆனால் நாங்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தோம். அடுத்து வந்தவர்கள் கையில் கைப்பேசி இருந்தது.

இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வயதானவர்கள்தான். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. அங்கே போனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிடும். எடிசனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எங்களுக்கும் அதே கதி. கதவைத் திறந்தால் தெருவில் ஒரு ஜீவன் இருக்காது. எனக்குப் பூங்காவில் ரம்மி ஆடும் குஜராத்திப் பெரியவர்கள் கிடைத்தார்கள். ஹிந்தி அரைகுறை, ஆட்டம் முழுசு.

என் மனைவிக்குக் கிடைத்ததுதான் அதிசயம். அங்கிருந்த நூலகத்தில் வாரம் ஒருநாள் நாலைந்து பாட்டிமார்கள் மாஜாங் ஆடுவார்கள். அமெரிக்காவில் 1920களில் மாஜாங் மோகம் பிடித்து ஆட்டியது. 1937இல் நியூயார்க்கில் அதற்கென்று ஒரு தேசியச் சங்கமே அமைத்தார்கள். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் எந்தெந்தச் சேர்க்கைக்கு வெற்றி என்று புது அட்டை வெளியிடும். நாடு முழுக்க அதை வைத்துத்தான் ஆடுவார்கள். அவர்கள் கட்டில் ஜோக்கர்களையும் சேர்த்து 152 கட்டைகள். ஒருநாள் அந்தப் பாட்டிமார்களில் இருவர் வரவில்லை. புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன என் மனைவியை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டைக் கையால் தொடாத ஆசாரமான வீட்டுப் பெண் அவள். கட்டைகள் சீட்டில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊர் திரும்பும்வரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கிளம்பும்போது அந்த ஆண்டின் அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தாம்பரத்தில் அவளுக்கு மேற்கும் வடக்கும் தெற்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. வெளிநாடு போகும் நண்பர்கள் என்னிடம் மருந்து, காப்பீடு, விசா பற்றியெல்லாம் யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது இது: பெட்டியில் ஒரு சீட்டுக்கட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயில், பூங்கா, நூலகம், வயதானவர்கள் கூடும் மண்டபம் என்று எங்காவது விரித்து உட்காருங்கள். தமிழர்தான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். டச்சுக்காரன் காத்திருந்தானா? ஏற்கெனவே மூன்று பேர் ஆடுவதைப் பார்த்தால் வெட்கப்படாமல் பக்கத்தில் போய் நில்லுங்கள். எந்த ஊரிலும் நாலாவது ஆளை எழுப்பி விரட்ட மாட்டார்கள்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ரயில் செட்டில் ஒருவர் போன மார்கழியில் காலமானார். இன்னொருவர் மகனோடு சிட்னியில் இருக்கிறார். ஞாயிறு மாலை நானும் நாகர்கோவில்காரரும் மாடிவீட்டுப் பெரியவரும் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உட்காருகிறோம். இருபத்தெட்டு தெரிந்திருந்தால் போதும், முன்னூற்று நாலு நாங்கள் சொல்லித் தருகிறோம். காசு கிடையாது. காபி உண்டு. பேரன் பேத்திகளையும் அழைத்து வரலாம். ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று அவர்களுக்குச் சொல்லிவைத்தால் நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும் உதவும்.